ஆளோலையும் அரசாணையும்



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கிய மேடைக்குச் சற்றே புறம்பானதாகத் தோன்றக்கூடும். அடிமை முறையை ஒழித்ததில் போர் நெறிக்கும் ஆட்சியாளரின் ஆணைக்கும் உள்ள பங்கு யாது என்பது வரலாற்றுத் துறைக்கோ சட்டத் துறைக்கோ உரிய வினா எனச் சிலர் கருதலாம். ஆயினும் மயிலைக் கபாலீச்சரத்தின் நிழலில் பெரிய புராணம் பயின்ற அவைக்கு இவ்வினா புதியதன்று. திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓர் ஓலையை முன்வைத்து, ஒருவன் மற்றொருவனுக்கு ஆளா, அல்லனா என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட வழக்கைத் தமிழர் ஒன்பது நூற்றாண்டுகளாக ஓதி வருகின்றனர். அவ்வழக்கிலிருந்து தொடங்குவதே முறை.

ஓலை காட்டிய வழக்கு

தடுத்தாட்கொண்ட புராணத்தில் சேக்கிழார் காட்டும் நிகழ்ச்சி அனைவரும் அறிந்ததே. சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். சான்றாக ஓலை ஒன்றைக் காட்டுகிறார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிக்கப்பட்டது படியோலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் கூறுகிறார். சுந்தரரின் பாட்டனாரது கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. எழுத்து ஒத்திருக்கிறது. சுந்தரர் தோற்றார் என்பது அவையின் முடிவு.

பத்தி நெறியில் இது இறைவன் தன் அடியவனை ஆட்கொண்ட அருள் விளையாட்டு. அப்பொருளுக்கு இங்கு யாதொரு மறுப்பும் இல்லை. ஆனால் அந்த அருள் விளையாட்டு நிகழ்வதற்குச் சேக்கிழார் அமைத்த களம் அவர் காலத்து வழக்கு மன்றம். அம்மன்றத்தின் நடைமுறையில் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, மனிதனை ஆளாக்குவது எழுதப்பட்ட ஓர் ஆவணம். இரண்டாவது, பாட்டன் எழுதிய எழுத்து பேரனைக் கட்டும். மூன்றாவது, அவ்வெழுத்துக்கு வலிமை தருவது அவை. அவை ஏற்கவில்லையாயின் அவ்வோலை வெறும் பனையோலையே.

சுந்தரர் எழுப்பும் மறுப்பும் கருதத்தக்கது. அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாதல் எங்கும் கேட்டறியாதது என்பதே அவர் வாதம். மனிதர் மனிதருக்கு அடிமையாதல் தகாது என்று அவர் வாதிடவில்லை; அவையிலும் எவரும் அவ்வாறு எண்ணவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனிதரை விற்றதும், வறுமையால் தம்மையும் தம் வழியினரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டதும் பதிவாகியுள்ளன. அத்தகைய ஆவணத்திற்கு 'ஆள் விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்று பெயரே இருந்தது. 'ஆள்' என்னும் சொல் மனிதனையும் குறிக்கும், அடிமையையும் குறிக்கும்; வினையாக வரும்போது ஆட்சி செய்தலையும் குறிக்கும். ஒரே சொல்லில் மூன்று பொருளும் கலந்து கிடப்பது மொழியின் தற்செயல் அன்று, சமுதாயத்தின் பதிவு.

போர் நெறியும் சிறைப்பட்டோரும்

பண்டைத் தமிழர்க்குப் போர் அறம் இருந்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அம்பு தொடுக்குமுன் ஆவினத்தையும் அந்தணரையும் பெண்டிரையும் நோயுற்றோரையும் மக்கட்பேறு இல்லாதோரையும் அரண் தேடிச் செல்லுமாறு அறிவிக்கும் அரசனைக் காட்டுகிறது. இன்றைய போர்ச் சட்டங்கள் பேசும் 'போரில் ஈடுபடாதோரைக் காத்தல்' என்னும் கருத்தின் தமிழ் வடிவம் இது எனப் பெருமையோடு கூறலாம்.

ஆனால் போருக்குப் பின் சிறைப்பட்டோர் நிலை யாது? பட்டினப்பாலை மாலைப் பொழுதில் விளக்கேற்றும் 'கொண்டி மகளிர்' பற்றிப் பேசுகிறது. பகைவர் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்டிர் அவர்கள். சோழர் காலத்து 'வேளம்' என்னும் அரண்மனைப் பணிமகளிர் குடியிருப்பிலும் போரில் கவரப்பட்ட பெண்டிர் வைக்கப்பட்டனர். தமிழ் நாட்டில் மட்டுமன்று. உரோமானியச் சட்டத்திலும் போர்க்கைதி வென்றவனுக்கு அடிமை என்பதே விதி. உயிரைப் பறிக்கும் உரிமை உடையவன் உழைப்பைப் பறிப்பது கருணை என்று கூட வாதிட்டனர். போர் அடிமைகளை உண்டாக்கும் தொழிற்சாலையாகவே நெடுங்காலம் இருந்தது.

இதனிடையே சிலப்பதிகாரம் தனித்து நிற்கிறது. கனக விசயர் தலையில் கல்லேற்றிக் கொண்டுவந்த சேரன் செங்குட்டுவன், அவர்களைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டுமாறு அனுப்புகிறான். தவவேடம் பூண்டு ஓடியவரைப் பிடித்தது வீரமாகாது என அவ்விருவரும் இகழ்கின்றனர். செங்குட்டுவன் சினம் கொள்கிறான். மாடல மறையோன் நிலையாமையை எடுத்துரைத்து அச்சினத்தைத் தணிக்கிறான். பின்னரே சிறைப்பட்ட ஆரிய மன்னரை விடுவித்துச் சிறப்புச் செய்யுமாறு அரசன் ஆணையிடுகிறான். போர் நெறி பற்றிய பழிச்சொல் ஒன்று, அறவோன் ஒருவனின் அறிவுரை ஒன்று, அரசனின் ஆணை ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்தே அங்குச் சிறைவீடு நிகழ்கிறது. அரசன் நெஞ்சில் ஊறிய இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. இக்குறிப்பைப் பின்வரும் வரலாற்றுக்கு அளவுகோலாகக் கொள்ளலாம்.

லிங்கனின் ஆணை

போர் அடிமையை ஆக்கும் என்ற பழைய விதி, போர் அடிமையை நீக்கும் என்று தலைகீழாக மாறிய இடம் அமெரிக்கா. அதன் கருத்து விதையை 1842-ஆம் ஆண்டிலேயே முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் நாடாளுமன்றத்தில் இட்டார். அடிமை மாநிலங்களில் போர் மூளுமாயின், படைத்தலைமையாளருக்கு அங்குள்ள அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் போர் நெறியின்படியே வந்துவிடும் என்பது அவர் வாதம்.

1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்பத் தளபதி பட்லர் மறுத்தார். பகைவன் அரண் கட்டப் பயன்படுத்திய 'பொருள்' அவர்கள். ஆகவே போரில் கைப்பற்றத்தக்க பகைப்பொருள் என்றார். மனிதரைப் பொருள் என்று கூறியே மனிதரை விடுவித்த விந்தை இது. அடுத்து ஃப்ரீமான்ட், ஹன்டர் என்னும் தளபதிகள் தம் பகுதிகளில் விடுதலை ஆணை பிறப்பித்தபோது, லிங்கன் அவற்றை விலக்கிவிட்டார். அத்தகைய அதிகாரம் உண்டெனில் அது தளபதிக்குரியதன்று, தமக்கே உரியது என்பது அவர் நிலை.

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலை ஆணை போர்த் தேவையைக் காரணமாகக் காட்டியது. கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஒன்றியத்தோடு நின்ற எல்லை மாநிலங்களின் அடிமைகளுக்கும், படைகள் முன்பே கைப்பற்றியிருந்த சில பகுதிகளின் அடிமைகளுக்கும் அதில் விடுதலை இல்லை. பகைவன் மீது செலுத்தும் அதிகாரத்தை நண்பன் மீது செலுத்த இயலாது என்பதே காரணம். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் பிரான்சிஸ் லீபர் என்னும் சட்ட அறிஞர் தொகுத்த 157 விதிகளைக் கொண்ட போர் நெறித் தொகுப்பு படையினருக்கு ஆணையாக வெளிவந்தது. அடிமை உரிமை என்பது ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தில் மட்டும் வாழ்வது, இயற்கை நெறியோ நாடுகளிடை நெறியோ அதனை ஏற்றதில்லை, ஆதலின் படையின் காவலுக்குள் வந்த அடிமை அந்நொடியே சுதந்திர மனிதன் என்று அது விதித்தது. பின்னாளில் ஹேக் உடன்பாடுகள் இத்தொகுப்பின் வழியில் எழுந்தன.

போர் முடிந்தால் போர் அதிகாரமும் முடியும். அவ்வாறாயின் விடுதலை என்னாகும்? இவ்வச்சமே 1865 டிசம்பரில் நிறைவேறிய 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திற்கு வழிவகுத்தது. ஆனால் நிலத்திற்கு அத்தகைய காப்பு எதுவும் அமையவில்லை. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் களஆணை ஒன்றின் மூலம் விடுதலை பெற்றோருக்குக் குடும்பத்திற்கு 40 ஏக்கருக்கு மிகாத நிலம் ஒதுக்கினார். அதே ஆண்டிலேயே புதிய குடியரசுத் தலைவர் ஆன்ட்ரூ ஜான்சன் அந்நிலத்தின் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளருக்கே திருப்பித் தந்துவிட்டார். ஓர் ஆணை தந்ததை மற்றோர் ஆணை பறித்தது. அப்போரின் நாள்களில் திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பருத்திக்கு விலை ஏறியதைத் தமிழகம் அறிந்திருந்தது. அப்பருத்தி விலைக்குப் பின்னால் நிகழ்ந்த மனித விலையின் மாற்றம் இங்குப் பேசப்படவில்லை.

சென்னைக் கோட்டையின் ஆணை

இனித் தமிழகத்திற்கு வருவோம். சாந்தோமிலிருந்து போர்த்துகீசியரும் பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரரும் சோழமண்டலக் கரை மக்களைக் கடல் கடந்து விற்றனர். ஆங்கிலேயரின் சென்னைத் துறையும் விலகி நிற்கவில்லை. 1687-இல் பஞ்சத்தால் மக்கள் தம்மை விற்றபோது, ஏற்றுமதியாகும் அடிமை ஒருவருக்கு ஒரு வராகன் சுங்கம் விதித்தது கோட்டைச் சபை. அவ்வாண்டிலேயே கோல்கொண்டா முகலாயர் வசமாயிற்று. மறு ஆண்டே, அதாவது 1688-இல், அடிமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. புதிதாக வென்ற முகலாய அதிகாரிகளின் எதிர்ப்பும் அதனால் வந்த தொல்லையுமே காரணம். போர் வந்தது, ஆள் மாறியது, ஆணை மாறியது. துறைமுக வணிகத்திற்குத் தடை வந்ததேயன்றி வயல்களில் கட்டுண்டு கிடந்தோரை அது தொடவில்லை.

அவ்வயல்களைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவர் சென்னை ஆட்சியராயிருந்த தமிழறிஞர் எல்லிஸ். 1818-இல் மிராசு உரிமை பற்றிய வினாக்களுக்கு விடையளித்தபோது தொண்டைமண்டலத்தில் நிலத்தோடு பிணைந்த அடிமை உழைப்பையும் அவர் விவரிக்க வேண்டியதாயிற்று. மலபாரில் வரிப் பாக்கிக்காக அடிமைகளை ஏலம் விட்டது அரசே என்பதும் அக்காலத்துப் பதிவுகளில் உண்டு. 1819-இல் அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது.

1833-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்கு அளித்தது. அடுத்த பத்தாண்டுகள் அறிக்கைகளில் கழிந்தன. இறுதியில் எல்லன்பரோ தலைமை ஆளுநராயிருந்தபோது, 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். எவரையும் அடிமை எனக் காட்டி அரசு அலுவலர் விற்கலாகாது. அடிமை மீதான உடைமை உரிமையை எந்த மன்றமும் நிறைவேற்றித் தரலாகாது. அடிமை எனக் கூறி ஒருவரின் சொத்தைப் பறிக்கலாகாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமை எனப்படுபவனுக்குச் செய்தாலும் குற்றமே.

இச்சட்டத்தில் 'இனி எவனும் அடிமையல்லன்' என்ற சொல் எங்கும் இல்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையை நினைவிற் கொண்டால் இதன் நுட்பம் விளங்கும். ஓலையைக் கிழிக்கச் சட்டம் முன்வரவில்லை. ஓலையைப் படிக்கக் கூடாது என்று அவைக்குக் கட்டளையிட்டது. மன்றத்தின் துணை நீங்கியதும் பழைய உடைமை தானே உலரும் என்று எண்ணினர். வைத்திருத்தலையும் வாங்குதல் விற்றலையும் தண்டனைக்குரிய குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல்தான் நடைமுறைக்கு வந்தது. குமரி மாவட்டத்துப் பகுதிகளை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் 1853-இலும் 1855-இலும் வெளிவந்த அரச விளம்பரங்கள் அடிமை முறையைப் படிப்படியாக நீக்கின.

வயலில் நிகழ்ந்தது யாது? அதற்கும் இலக்கியமே சான்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. பெரிய புராணத்துத் திருநாளைப்போவாருக்கு இல்லாத பண்ணை முதலாளி ஒருவரைப் பாரதியார் தம் கதையில் படைத்தார். தில்லைக்குச் சென்றுவர அந்த ஆண்டையிடம் நந்தன் இசைவு வேண்டிக் காத்துக் கிடக்கிறான். சட்டம் வந்து இருபது ஆண்டு நெருங்கிய காலத்தில், தஞ்சைத் தரணியை அறிந்த ஒரு கவிஞருக்கு, பண்ணையாள் தன் விருப்பப்படி ஊரைவிட்டுப் போக இயலாது என்பது கேட்போர் எவருக்கும் விளக்க வேண்டாத உண்மையாயிருந்தது. மயிலாப்பூர்ச் சபாக்களில் அக்கீர்த்தனைகளைக் கேட்டு உருகிய பலரும் அதனைப் பத்தியாகக் கேட்டனரேயன்றி, ஒரு தொழிலாளி விடுப்புக் கேட்ட செய்தியாகக் கேட்டாரல்லர்.

பண்ணையாளும் அவசரச் சட்டமும்

சட்டத்தில் மறைந்தது வழக்கத்தில் வாழ்ந்தது. அடிமை என்ற பெயர் நீங்கி, கடன் என்ற பெயர் வந்தது. திருமணத்திற்கு வாங்கிய சிறு தொகை தலைமுறையைக் கட்டியது. கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தண்டனைகளாக நிலவின. 1943-இல் தென்பரையில் தொடங்கிய கிளர்ச்சியும், பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய விவசாயிகள் சங்கமும், 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தமுமே அத்தண்டனைகளுக்கு முடிவு கட்டின. 1843-ஆம் ஆண்டின் சட்டப்படி அவை என்றோ குற்றமாகிவிட்டவை. நூறாண்டு கழித்துக் குற்றத்தைக் குற்றமென நிறுவியது மன்றம் அன்று, உழவர் சங்கம்.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, 23-ஆம் உறுப்பில் மனித வாணிபத்தையும் கட்டாய உழைப்பையும் விலக்கியது. 1952 ஆகஸ்டில் சென்னை மாநில அரசு தஞ்சைப் பண்ணையாள், குத்தகையாளர் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அப்போது முதலமைச்சர், தியாகராய நகர்ப் பசுல்லா சாலையோடு பெயர் இணைந்துவிட்ட இராஜாஜி. பொதுவுடைமையரின் கடும் எதிர்ப்பாளரான அவர், அவர்கள் கிளர்ச்சி செய்த மாவட்டத்திற்கே அச்சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகையாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளுக்கு வரையறுத்த கூலி, காரணமின்றி நீக்கலாகாது என்னும் காப்பு ஆகியவை அதன் சாரம். ஒரு வேலிக்கு மேல் நிலம் உடையாரையே அது கட்டியது. செங்குட்டுவன் கதையிற்போலவே இங்கும் பழிச்சொல், கிளர்ச்சி, அமைதி காக்கும் தேவை ஆகியவை ஆணைக்கு முன் நின்றன.

விளைவு இருவகையாயிற்று. பண்ணையாள் என்னும் நிலை தேய்ந்தது உண்மை. ஆனால் நிலவுடைமையாளர் பலர் பண்ணையாளை வைத்துக் காப்பளிப்பதினும் நாட்கூலியாக அழைத்து அனுப்புவதை எளிதெனக் கண்டனர். கட்டு நீங்கியது; கட்டோடு இருந்த சிறு உறுதியும் நீங்கியது. கூலி கேட்டுத் திரண்டதன் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையானதை இவ்வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. நிலமின்றி விடுதலை நில்லாது என்பதை ஷெர்மனின் களஆணை காட்டியது போலவே, செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசாணையால் தொடங்கிய பஞ்சமி நில ஒதுக்கீடும் காட்டுகிறது. பிறருக்கு விற்கலாகாது என்ற கட்டுப்பாட்டோடு தரப்பட்ட அந்நிலங்களுள் பல பிறர் கைக்கே போயின. அவற்றை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டம் 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கண்டது.

நெருக்கடி நிலையில் வந்த விடுதலை

இனி, இப்பொருளின் மிகக் கடினமான பகுதி. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை நீக்கப்படாமலே இருக்க, 1975 ஜூன் 25 அன்று உள்நாட்டு நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில், 14, 21, 22 ஆகிய உறுப்புகளின் உரிமைகளுக்காக மன்றத்தை அணுகும் வழி அடைக்கப்பட்டது. ஜூலை 1 அன்று இருபது அம்சத் திட்டம் வந்தது. அதில் கொத்தடிமை ஒழிப்பு ஓர் அம்சம். அக்டோபர் 25 முதல் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்பு அவசரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1976 ஜனவரி 31 அன்று நெருக்கடி நிலையை எதிர்த்த தமிழக அரசு கலைக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 9 அன்று, அவசரச் சட்டத்திற்கு மாற்றான நாடாளுமன்றச் சட்டம் ஒப்புதல் பெற்றது. தமிழகச் சிறைகளில் விசாரணையின்றி அரசியலாளர் அடைக்கப்பட்ட அதே நாள்களில், தமிழகச் சூளைகளிலும் அரைவைக் கூடங்களிலும் கட்டுண்டோர் சட்டப்படி விடுதலை பெற்றனர்.

அச்சட்டத்தைத் தமிழ் மாணவர் படிப்பது பயன் தரும். கொத்தடிமை முறையின் வட்டாரப் பெயர்களை அது வரிசைப்படுத்துகிறது. அப்பட்டியலில் படியாள், பண்ணையாள், வெட்டி என்னும் தமிழ்ச் சொற்கள் உள்ளன. சோழர் கல்வெட்டில் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்த 'வெட்டி' என்ற சொல், ஆயிரம் ஆண்டு கழித்து இந்திய நாடாளுமன்றச் சட்டத்தில் தடை செய்யப்பட வேண்டியதாய் நின்றது. கடனுக்காக மட்டுமன்றி, வழக்கத்தால், முன்னோரிடமிருந்து வழிவந்த கடப்பாட்டால், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததால் உழைக்கக் கட்டுண்டோரும் கொத்தடிமைகளே எனச் சட்டம் வரையறுக்கிறது. கொத்தடிமைக் கடன் முழுதும் அழிந்துவிட்டது என்கிறது. பாட்டன் எழுதிய எழுத்து பேரனைக் கட்டும் என்ற பழைய விதி இவ்வாறு அடியோடு நீங்கியது.

இதனினும் முக்கியமானது 15-ஆம் பிரிவு. கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவனுடையது. திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டியவர் கூற்றை மறுக்க வேண்டிய சுமை இளைஞர் மேல் விழுந்தது. 1976-இல் அச்சுமை ஓலை வைத்திருப்பவர் தோளுக்கு மாறியது. 1843-ஆம் ஆண்டின் சட்டம் ஓலையைப் படிக்காதே என்றது. 1976-ஆம் ஆண்டின் சட்டம் ஓலை வைத்திருப்பவனைக் கூண்டில் ஏற்று என்றது.

இத்தகைய நற்சட்டம் இருண்ட நாள்களில் வந்ததை எவ்வாறு மதிப்பிடுவது? நெருக்கடி நிலை இன்றி இது வந்திராது என்று அதனைப் போற்றுவோர் உண்டு. அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு கால் நூற்றாண்டாக இச்சட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இயல்பான காலத்து நாடாளுமன்றங்கள் அதனைச் செய்யத் தவறின என்பதையே இவ்வாதம் மெய்ப்பிக்கிறது. மறுபுறம், சர்வாதிகாரத்திற்கு முகப்பூச்சு என இதனைத் தள்ளுவோரும் உளர். அவர்கள் அச்சட்டத்தால் வீடு திரும்பிய ஒரு குடும்பத்தின் முன் நின்று அவ்வாறு சொல்ல இயலாது.

இவ்விரு வாதத்திற்கும் அப்பால் கருத வேண்டியது ஒன்றுண்டு. லிங்கனின் அதிகாரம் பகைவன் மீது சென்றது. இங்குப் பகைவன் இல்லை. கடன் கொடுத்தவனும் கட்டுண்டவனும் ஒரே ஊரார். சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய வருவாய் அலுவலர் பெரும்பாலும் கடன் கொடுத்தவன் திண்ணையில் அமர்பவர். இச்சூழலில் மேலிருந்து வரும் ஆணை தாலுகா எல்லையோடு நின்றுவிடும். அதனை ஊருக்குள் கொண்டு செல்லத் தேவைப்பட்டது மன்றத்தின் கதவு. அக்கதவை நெருக்கடி நிலை அடைத்திருந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே, அடைக்கப்பட்டோர் உயிர் காக்கவும் மன்றம் வர இயலாது எனத் தீர்ப்பளித்தது. 1977-இல் நெருக்கடி நிலை நீங்கிய பின்னரே, 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் உயிருரிமைக்கான கதவை இனி அடைக்க இயலாதவாறு செய்தது.

கொத்தடிமைச் சட்டமும் அதன் பின்னரே உயிர் பெற்றது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைக்க நேர்வதும் கட்டாய உழைப்பே என்றது உச்ச நீதிமன்றம். 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, கட்டாய உழைப்பு நிகழ்வது காணப்பட்டால் அதன் பின்னால் முன்பணம் உண்டு என்றே மன்றம் கொள்ளும் என நீதிபதி பகவதி எழுதினார். தமிழகக் கொத்தடிமைகள் பற்றி 1980-களில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு 2012 வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. சட்டத்தைப் பிறப்பித்தது ஆட்சியாளரின் அதிகாரம். அதனை மக்கள் கைக்குக் கொண்டு சேர்த்தது, அவ்வதிகாரம் அடைக்க முயன்ற மன்றக் கதவு.

இன்றைய ஓலை

முறை முற்றும் மறைந்துவிடவில்லை. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இருளர் குடும்பங்கள் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்திற்காக ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு மீட்கப்பட்டுள்ளன. திருவள்ளூர்ச் செங்கற் சூளைகளிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த தொழிலாளர் மீட்கப்பட்டுள்ளனர். பட்டுத் தறிகளில் முன்பணத்திற்குப் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்ட நிலை 1990-களில் வெளிச்சத்திற்கு வந்தது. தியாகராய நகரின் பட்டுக்கும் அடையாற்றின் அடுக்ககங்களின் செங்கல்லுக்கும் இவ்வூர்களுக்கும் இடையே உள்ள தொலைவு அதிகமன்று.

மீட்கப்பட்டவருக்கு அரசு தருவது விடுதலைச் சான்றிதழ். கடன் அழிந்தது என்பதற்கும் மறுவாழ்வு உதவிக்கும் அதுவே ஆதாரம். 1978-இல் 4,000 ரூபாயாகத் தொடங்கிய அவ்வுதவி, 2016-ஆம் ஆண்டுத் திட்டத்தில் நிலைமைக்கேற்ப ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை உயர்ந்தது. ஆனால் உடனடி உதவி போக, எஞ்சிய தொகை குற்றம் மெய்ப்பிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டது. குற்றவாளி தண்டிக்கப்படும் வரை, விடுதலை பெற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் குடும்பத்திற்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி வேண்டும். அப்போது முன்பணம் கொடுக்க முன்வருபவர் பெரும்பாலும் பழைய முதலாளியின் வகையறாவே.

ஆதலின் வரலாறு உணர்த்துவது இதுவே. விடுதலை ஆணைகள் பெரும்பாலும் ஆள்வோரின் தேவையில் பிறக்கின்றன. பிறந்த காரணத்தால் அவற்றை இகழவும் வேண்டா. அக்காரணத்தை மறந்து அவற்றை முழு விடுதலை என நம்பிவிடவும் வேண்டா. ஆணை சட்டமாக வேண்டும். சட்டம் மன்றத்திற்கு எட்ட வேண்டும். மன்றத்தின் தீர்ப்பு நிலமாகவும் கூலியாகவும் பிள்ளையின் பள்ளிக்கூடமாகவும் மாற வேண்டும். இவற்றுள் முதலாவது ஒரு நாளில் நிகழலாம். எஞ்சியவற்றுக்குத் தலைமுறைகள் ஆயின.

இவ்வரலாற்றில் தமிழ்ப் புலமைக்கும் கடமை உண்டு. கல்வெட்டிலும் காப்பியத்திலும் கீர்த்தனையிலும் ஆள், அடிமை, வெட்டி, படியாள் என்னும் சொற்கள் வரும் இடங்களைத் தொகுத்து, அவற்றின் பின்னால் நின்ற மனிதரையும் மாணவருக்குக் காட்டுவது அக்கடமை. திருவெண்ணெய்நல்லூர் வழக்கைப் பாடம் சொல்லும் வகுப்பறையில், அன்று ஓலை எழுதிக்கொடுக்க நேர்ந்த பெயர் தெரியாத ஏழைகளைப் பற்றியும் ஒரு நாழிகை பேசலாம். அவ்வாறு பேசுவதால் சேக்கிழார் பெருமை குறையாது.